பச்சையம்மாளும் நான்தான், பத்மாவும் நான்தான்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 52. அயனாவரத்தில் இருக்கிறேன். பிறந்தது மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்தில் என் பெயர் மு. பச்சையம்மாள். பத்தாவது பாஸ் செய்திருக்கிறேன். 1995-ல் கல்யாணம். மாமியார் பெயரும் பச்சையம்மாள் என்பதால் வீட்டுக்குள் கால் வைத்த அன்றே எனக்குப் பத்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி, ஆதார், பான், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றிலும் பத்மாதான். அரசு கெசட்டில் (அரசிதழில்) பெயர் மாற்றம் எதுவும் போடவில்லை.

மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். ஐந்து மாதத்தில் பிரசவம், நான் போயாக வேண்டும். பாஸ்போர்ட் கிடையாது. இதற்கிடையில், காலமாகிவிட்ட என் அப்பாவின் ஊர் வீட்டை விற்கத் தம்பி ஏற்பாடு செய்திருக்கிறான். வாரிசுச் சான்றிதழில் நான் பச்சையம்மாள். வாங்குகிறவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல், "இந்தப் பச்சையம்மாள் யார்?" என்று கேட்கிறாராம்.

புரோக்கர் ஒருவர் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார். ஆதாரைப் பச்சையம்மாள் என்று மாற்றி விற்பனையை முடித்துவிட்டுத் திரும்பப் பத்மா ஆக்கிவிடலாமாம். எனக்குத் தலைப்பிரசவம் அம்மா வீட்டுப் பக்கத்தில் நடந்ததால் மகளின் பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் பச்சையம்மாள் என்றிருக்கிறது, அதையும் திருத்திவிடலாமாம். பத்தாவது மார்க் ஷீட்டில் பெயரை மாற்றாமல் பாஸ்போர்ட்டே வராதாம். ரயில்வே தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற என் கணவர், "நோட்டரியிடம் ஒரு அபிடவிட் போட்டால் போதும்" என்கிறார். பச்சையம்மாள் எங்கள் குலதெய்வம். அப்பா வைத்த பெயர். ஒரேயடியாக விட்டுவிட வேண்டுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: அம்மா, வணக்கம். பெயரை வெளியிட வேண்டாம் என்கிறீர்கள். எந்தப் பெயரை என்று சொல்லவில்லை! அதனால் இரண்டையுமே மாற்றிப் போட்டிருக்கிறேன். மாமியாருக்கும் அதே கதிதான்.

முதலில், புரோக்கருக்குப் பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே? கொடுக்காதீர்கள். அவர் சொன்ன மூன்று யோசனையும் தப்பு. மூன்றும் ஒரே மாதிரித் தப்பு என்பதுதான் இதில் விசேஷம்.

பாரிமுனையில் இருபத்தேழு வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். உங்களைப் போன்ற பெண்கள் அடிக்கடி வருவார்கள். மாமியார் பெயரும் மருமகள் பெயரும் ஒன்றாகிவிட்டால், பெற்ற தாயின் பெயரைச் சொல்லிப் பெண்டாட்டியை எப்படி அதட்டுவது என்று பிள்ளைக்குக் கூச்சம். அதற்காக மருமகளின் பெயரை மாற்றுவார்கள். மாமியார் பெயரை மாற்றியதாக இதுவரை ஒரு வழக்கும் என்னிடம் வந்ததில்லை. வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், பழைய பெயரை எல்லா இடத்திலும் எடுத்துவிட முடியுமா?" எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். உங்களுக்குப் பத்மா என்ற பெயர் இருக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. யாரும் என்ன பெயரும் வைத்துக்கொள்ளலாம். அவருடைய சந்தேகம் வேறு. 1989-ல் பத்தாவது எழுதிய அந்தப் பெண்ணும், இப்போது எதிரில் நிற்கும் இந்த அம்மாவும் ஒருவர்தானா? அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். புரோக்கர் உங்களுக்குப் பாலம் கட்டித் தரவில்லை. அந்தக் கரையையே இடித்துவிடலாம் என்கிறார்.

பழைய தாளில் பழைய பெயர் இருப்பது பிழை இல்லை. அந்தத் தாள் எழுதப்பட்ட அன்று உங்கள் பெயர் அதுதான். மகளின் பிறப்புச் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ன் 15-வது பிரிவு, பதிவேட்டில் விழுந்த தவறைத் திருத்த இருக்கிறது. உங்கள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் உங்கள் அம்மா உங்கள் பெயரைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். தவறே நடக்காத இடத்தில் எதைத் திருத்துவது?

அந்தச் சான்றிதழைப் பற்றிப் போகிற போக்கில் சொல்வது போல எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே பெறுமானமுள்ள வரி அதுதான். அந்தச் சான்றிதழில் தாய் பச்சையம்மாள். தகப்பன் பெயர் உங்கள் கணவருடையது. அதாவது உங்கள் பழைய பெயரும், கல்யாணத்துக்குப் பிந்தைய குடும்பமும் ஒரே தாளில், ஒரு அரசு அலுவலகத்தின் முத்திரையோடு இருக்கின்றன. நீங்கள் அபிடவிட்டில் பத்துப் பக்கம் எழுதினாலும் இதற்கு ஈடாகாது. ஏனென்றால் இதை எழுதியபோது யாருக்கும் வீடு விற்கும் எண்ணமும் இல்லை, பாஸ்போர்ட் யோசனையும் இல்லை. காரியத்துக்காக எழுதப்படாத தாளுக்குத்தான் எங்கள் தொழிலில் மதிப்பு அதிகம். அதைப் போய்ப் பத்மா என்று திருத்தச் சொல்கிறார் அந்த மனிதர்.

ஆதார் யோசனை இதைவிட மோசம். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் திருத்திக்கொள்ள முடியும். பச்சையம்மாள் ஆக ஒரு முறை, மறுபடி பத்மா ஆக ஒரு முறை. இரண்டும் தீர்ந்தது. நாளைக்கு ஓர் எழுத்து மாறிப் போனாலும் விதிவிலக்கு கேட்டு மனுப் போட்டு அலைய வேண்டும். அது போகட்டும். நீங்கள் ஆதாரில் பச்சையம்மாள் ஆகும் அந்த இடைப்பட்ட நாட்களில் உங்கள் பானும் பேங்கும் பத்மாவாக இருக்குமே? விற்ற பணம் எந்தக் கணக்கில் வந்து விழும்?

மார்க் ஷீட் விஷயத்தில் அவர் சொன்னதில் பாதி, எங்கேயோ அரைகுறையாகக் கேட்டது. பத்தாவது சான்றிதழ் காட்டினால் பாஸ்போர்ட்டில் 'குடியேற்றச் சோதனை தேவை' என்ற முத்திரை விழாது. அது வளைகுடா போன்ற சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காக, 1983-ஆம் வருடக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் உள்ள ஏற்பாடு. அந்தச் சோதனையில் இருந்து விலக்குப் பெற்றவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோரும் உண்டு. உங்களுக்கு 52. பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவருக்கு மார்க் ஷீட்டில் பெயர் மாறியாக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்த மார்க் ஷீட்டைப் பத்திரமாக வையுங்கள். வேறு வேலைக்கு வேண்டும்.

உங்கள் கணவர் சொல்லும் அபிடவிட்டுக்கு வருகிறேன். அவர் சொல்வது முழுக்கத் தப்பில்லை. "நானே பச்சையம்மாள், நானே பத்மா" என்று நோட்டரி முன்னால் பிரமாணம் செய்வதைச் சில வங்கிகளும் சில அலுவலகங்களும் ஏற்றுக்கொள்கின்றன. இன்ஷியல் வித்தியாசம், ஓர் எழுத்து கூடக் குறைய இருப்பது போன்ற சின்ன விஷயங்களுக்கு அது போதும். ஆனால் அபிடவிட் என்பது உங்களைப் பற்றி நீங்களே சொல்வது. உங்களுடையதோ முழுப் பெயரும் மாறிய கேஸ், கூடவே அப்பாவின் இன்ஷியல் போய்க் கணவரின் இன்ஷியலும் வந்திருக்கிறது. இதற்குக் கெசட்தான் சரி.

தமிழ்நாடு அரசிதழ் வாரம் ஒரு முறை, புதன்கிழமை தேதியிட்டு வருகிறது. பெயர் மாற்றங்கள் அதில் ஆறாம் பகுதியின் நான்காவது பிரிவில், தனியார் விளம்பரங்கள் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அந்தப் பக்கத்தின் உச்சியில் ஓர் அறிவிப்பு உண்டு. யாரும் படிப்பதில்லை. பெயர் மாற்ற விளம்பரங்களுக்கு அரசு எந்தச் சட்டப் பொறுப்பும் ஏற்காது, விளைவுகளுக்கும் தவறான தகவலுக்கும் விளம்பரம் கொடுத்தவரே முழுப் பொறுப்பு என்பது அதன் சாரம். அதாவது கெசட் ஒரு நீதிபதியின் தீர்ப்பு இல்லை. ஊரறியச் சொன்னேன் என்பதற்கான அத்தாட்சி. முன்காலத்தில் தண்டோரா போட்டார்களே, அதன் அச்சு வடிவம். அதனால்தான் கெசட்டை மட்டும் நீட்டினால் சில இடங்களில் "பழைய பெயருக்கு என்ன ப்ரூஃப்?" என்று கேட்பார்கள். கோபப்படக்கூடாது. மார்க் ஷீட்டையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் கூடவே வைக்க வேண்டும். நான் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

விண்ணப்பம் கொடுக்க வேண்டிய இடம், அண்ணா சாலை 110-ஆம் எண்ணில் இருக்கும் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை அலுவலகம். படிவம் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. நீங்களே நிரப்பலாம். புரோக்கர் தேவையில்லை. ஏன், வக்கீலும் தேவையில்லை. (இதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் நாலு பேர் என்னோடு பேசமாட்டார்கள்.) படிவத்தில் வரும் வாசகம் ஏறக்குறைய இப்படி அமையும்: இன்னாருடைய மனைவியாகிய, இன்ன தேதியில், இன்ன மாவட்டத்தில் பிறந்து, இன்ன முகவரியில் வசிக்கும் நான், இனி இன்ன பெயரால் அழைக்கப்படுவேன். ஒரே வாக்கியம்தான். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பழைய பெயரை மார்க் ஷீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் பச்சையம்மாளை நாலைந்து விதமாக எழுதலாம். நடுவில் ஒரு ஒய் வருமா, ஐ மட்டும்தானா, எம் ஒன்றா இரண்டா என்று உங்கள் காதை நம்பி முடிவு செய்யாதீர்கள். அன்றைக்குப் பள்ளிக்கூட எழுத்தர் எப்படி எழுதினாரோ அதுதான் வேதம். இன்ஷியலையும் சேர்த்து எழுதுங்கள். 'பச்சையம்மாள்' மட்டும் 'பத்மா' ஆனதாகப் போட்டுவிட்டால், 'மு' எப்படிச் 'சே' ஆனது என்று அடுத்த அலுவலகத்தில் புதுக் கேள்வி கிளம்பும். 'மு. பச்சையம்மாள்' என்பவர் 'சே. பத்மா' ஆகிறார் என்று முழுசாகப் போனால் இரண்டு மாற்றமும் ஒரே அடியில் முடியும். கணவர் பெயர் அதே வாக்கியத்தில் வருவதால், அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

இன்ஷியல் என்றதும் என் கதை ஒன்று. என் அப்பா பெயர் ஞானப்பிரகாசம். பள்ளியில் எனக்கு 'ஜி' போட்டார்கள். கல்லூரியில் சேர்க்கையன்று உட்கார்ந்திருந்த புண்ணியவான் 'ஞா'-வுக்கு 'என்' என்று தீர்மானித்துவிட்டார். மூன்று வருடம் கழித்துப் பட்டச் சான்றிதழ் கைக்கு வரும்போதுதான் கவனித்தேன். அன்றைக்கு அலைந்த அலைச்சல்தான் இன்றைக்கும் எந்தத் தாளை வாங்கினாலும் கவுன்டரிலேயே நின்று படிக்கும் பழக்கத்தைக் கொடுத்தது. உங்கள் கெசட் கைக்கு வந்ததும் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தமிழில் போடுவதா, ஆங்கிலத்திலா? தமிழில் கட்டணம் குறைவு. தமிழ்ப் பற்றும் எனக்குக் குறைவில்லை. ஆனாலும் உங்களுக்கு ஆங்கிலத்தில் போடச் சொல்வேன். பாஸ்போர்ட், பான் எல்லாம் ஆங்கில எழுத்தில் ஓடுகிறவை. தமிழ் கெசட்டில் 'பத்மா' என்று வந்தால், ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதுவது என்பது மறுபடி அந்தந்த அதிகாரியின் காதுக்குப் போய்விடும்.

மாவட்டம் என்ற இடத்தில் பலர் குழம்புவார்கள். நீங்கள் பிறந்தபோது மதுராந்தகம் செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் அந்த மாவட்டத்தைப் பிரித்தபோது காஞ்சிபுரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் மறுபடி செங்கல்பட்டு. மூன்று தாளில் வேறு வேறு மாதிரி இருந்தாலும் கவலை வேண்டாம். ஊர் இடம் பெயரவில்லை என்பது எல்லா அதிகாரிக்கும் தெரியும். இப்போதுள்ள மாவட்டத்தைப் போடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்று, பிறந்த தேதி. கெசட் படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் மார்க் ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதியைப் பாருங்கள். கேம்ப் போட்டு ஆதார் எடுத்த காலத்தில், நாள் தெரியாது என்றால் ஜனவரி முதல் தேதி என்று போட்டு அனுப்பியதை நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர் மாறினால் பரவாயில்லை, பிறந்த தேதி, அப்பா பெயர், பிறந்த ஊர் மூன்றும் மாறாமல் நிற்க வேண்டும். அவை நின்றால் எந்த அதிகாரியும் நம்புவார். பெயரும் வேறு, தேதியும் வேறு என்றால் நானே கொஞ்சம் யோசிப்பேன். தேதி தவறாக இருந்தால் மார்க் ஷீட்டைக் காட்டி ஆதாரைத் திருத்துங்கள். பிறந்த தேதிக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான், ஞாபகம் இருக்கட்டும். மார்க் ஷீட்டில் பழைய பெயர் இருப்பதால் கெசட் வந்த பிறகு இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோவது நல்லது.

இனி பாஸ்போர்ட். ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆதார், பான், வோட்டர் ஐடி எல்லாம் பத்மா என்று ஒத்துப்போவதால், பச்சையம்மாள் என்ற பேச்சையே எடுக்காமல் விண்ணப்பித்தால்கூடப் பாஸ்போர்ட் வந்துவிடலாம். பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தில் இரண்டு கேள்வி இருக்கிறது: உங்களுக்கு வேறு பெயர் உண்டா, எப்போதாவது பெயரை மாற்றியிருக்கிறீர்களா? தெரிந்தே 'இல்லை' என்று எழுதினால் அது 1967-ஆம் வருடப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-வது பிரிவில் வரும் குற்றம். பாஸ்போர்ட்டை முடக்கவும் இடம் உண்டு. அதோடு, அதே மாதத்தில் பச்சையம்மாள் என்ற பெயரில் ஒரு கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறீர்கள். 'ஆம்' என்று எழுதிப் பழைய பெயரைக் கொடுங்கள், கெசட்டை இணையுங்கள். அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரம் என மூன்று சேவை மையம் இருக்கிறது. அயனாவரத்தில் இருந்து அமைந்தகரை பக்கம். சாதாரண முறையில் 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தத்கால் என்றால் 3,500. புரோக்கரின் பன்னிரண்டாயிரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டில் இன்ஷியல் போட விடமாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். உங்கள் பானில் எப்படி விரிந்திருக்கிறதோ அதே மாதிரி, பத்மா என்பது பெயர், கணவர் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் என்று வையுங்கள். குடும்பப் பெயரா, நமக்கு ஏது என்று நம்மவர்கள் பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தபோது இங்கே எத்தனை வீட்டில் பதறினார்கள்! நீங்கள் போவது சிங்கப்பூர்தான் என்றாலும் கட்டத்தை நிரப்பிவிடுவது நல்லது.

ஊர் வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வங்கி வக்கீல் கேட்டது நியாயமான கேள்வி, அவர் இடத்தில் நானும் அதைத்தான் கேட்பேன். வாரிசுச் சான்றிதழை மாற்ற வேண்டாம். கிரயப் பத்திரத்தில் உங்களைப் பற்றி எழுதும் இடத்தில் முழுக் கதையையும் ஒரே மூச்சில் எழுதச் சொல்லுங்கள். முருகேசன் மகளும் சேகர் மனைவியும், வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழில் பச்சையம்மாள் என்று குறிக்கப்பட்டவரும், இன்ன தேதி அரசிதழின்படி பத்மா என்று பெயர் மாற்றிக்கொண்டவருமான, பச்சையம்மாள் (எ) பத்மா. அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'எ', அதாவது 'என்கிற' என்பதன் சுருக்கம்தான், நம் பத்திர எழுத்தர்கள் கண்டுபிடித்த மிகச் சிறிய பாலம். ஆங்கிலப் பத்திரத்தில் இதே வேலையை '@' குறி செய்கிறது. ஈமெயில் வருவதற்கு முன்பே எங்கள் கோர்ட்டுகளில் அது புழக்கத்தில் இருந்தது. பதிவுச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, எதிரில் நிற்பவர் இன்னார்தான் என்று சார்பதிவாளர் திருப்திப்பட வேண்டும். உங்கள் தம்பியும் சக வாரிசு என்ற முறையில் "இவர் என் உடன்பிறந்த அக்கா" என்று ஓர் அபிடவிட் கொடுக்கட்டும். உங்கள் கணவரின் அபிடவிட் யோசனைக்கு இங்கே மரியாதை உண்டு.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. அபசகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டையும் பாஸ்போர்ட்டையும்விட எனக்கு இதுதான் கவலையாக இருக்கிறது.

உங்கள் கணவர் ரயில்வே பென்ஷனர். 1995-ல் கல்யாணம் ஆனதும், பாஸுக்கும் மருத்துவ அட்டைக்கும் மனைவி பெயரை அவர் எழுதிக் கொடுத்திருப்பார். என்ன பெயர் எழுதினார்? கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துப் பச்சையம்மாள் என்றா, வீட்டில் கூப்பிட்ட பத்மா என்றா? ஓய்வு பெற்றபோது வந்த பென்ஷன் ஆர்டரில் குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவர் என்று யார் பெயர் இருக்கிறது? இன்றைக்குச் சாயங்காலமே அந்த ஆர்டரை எடுத்துப் பாருங்கள். சர்வீஸ் ரெக்கார்டில் பச்சையம்மாள், ஆதாரில் பத்மா என்று இருந்து, அதைச் சொல்ல வேண்டிய மனிதர் இல்லாத காலத்தில் நீங்கள் தனியாகப் போய் நின்றால், அங்கே வரும் கேள்வி "பச்சையம்மாள் யார்?" என்று வராது. "பச்சையம்மாள் மூத்த மனைவியா?" என்று வரும். என் கண் முன்னால் ஓர் அம்மாவிடம் அப்படிக் கேட்டார்கள். முப்பது வருடம் குடித்தனம் செய்த மனுஷி, தானே தனக்குச் சக்களத்தியாகி நின்றார். அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம், கேட்ட எழுத்தர் மீதும் முழுத் தவறில்லை. கையில் இருந்த தாள்கள் அப்படி. உங்கள் வீட்டிலும் மகளின் சான்றிதழில் தாய் பச்சையம்மாள். அடுத்து ஒரு பிள்ளை சென்னையில் பிறந்திருந்தால் அதில் தாய் பத்மா என்று இருக்கலாம். வெளியாள் ஒருவர் இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன நினைப்பார்?

அதனால் கெசட் வந்ததும் முதல் நகல் பாஸ்போர்ட்டுக்குப் போக வேண்டாம். உங்கள் கணவர் தன் கையால் ஒரு மனு எழுதி, கெசட் நகலை இணைத்து, தான் ஓய்வு பெற்ற அலுவலகத்துக்கும் பென்ஷன் வரும் வங்கிக்கும் கொடுக்கட்டும். இன்றைக்கு அவர் போடும் ஒரு கையெழுத்து, பிற்காலத்தில் நீங்கள் போடும் நூறு கையெழுத்துக்குச் சமம். எல்.ஐ.சி., டெபாசிட் இருந்தால் நாமினி பெயர்களையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த மனுவையும் கொடுக்காதீர்கள்.

குலதெய்வத்தின் பெயரை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. திரும்பவும் பச்சையம்மாள் ஆவதற்குச் சட்டத்தில் தடை கிடையாது. ஆதார், பான், பேங்க், வோட்டர் ஐடி, ரேஷன் கார்டு அத்தனையையும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பிரசவத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போது அந்த வேலையை ஆரம்பிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போதைக்குப் பத்மாவாகப் போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்து, நிதானமாக யோசித்து, அப்பா வைத்த பெயரே வேண்டும் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள். அதற்குப் படிவம் நிரப்புவதில் எனக்கு இதைவிடச் சந்தோஷம் இருக்கும். மாமியார் பெயருக்கு மரியாதை கொடுக்க மருமகள் ஏன் பெயரை இழக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு கருத்து உண்டு. அது வக்கீலின் கருத்து இல்லை, விட்டுவிடுவோம்.

உடனே செய்ய வேண்டியது தேடுவது. மார்க் ஷீட், டி.சி. இரண்டும் வேண்டும். உங்கள் அப்பா பெயரில் இருந்த பழைய ரேஷன் கார்டில் மகள் என்று உங்கள் பெயர் இருக்கும். 2025 கடைசியில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக 2002, 2005 பட்டியல்களில் எல்லோரும் தங்கள் பெயரைத் தேடினோமே, அதில் நீங்கள் எந்தப் பெயரில் இருந்தீர்கள் என்று குறித்து வைத்திருந்தால் அந்தப் பக்கத்தையும் பிரின்ட் எடுத்து வையுங்கள். எதையும் லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாத சான்றிதழை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்யாணப் பத்திரிகை. உங்கள் பழைய பெயர், அப்பா பெயர், கணவர் பெயர், மாமனார் பெயர், தேதி எல்லாம் ஒரே தாளில் அச்சாகியிருக்கும். அதே பத்திரிகையில் மாமியார் பெயரும் பச்சையம்மாள் என்று இருந்தால், நீங்கள் ஏன் பத்மா ஆனீர்கள் என்பதற்குத் தனியாக விளக்கமே தேவைப்படாது. உங்களிடம் இல்லையென்றால் தம்பியை ஊர் வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது அம்மாவின் டிரங்குப் பெட்டியை அப்படியே பழைய பேப்பர்காரரிடம் தூக்கிப் போட்டுவிடப் போகிறார். இன்றைக்கே போன் செய்யுங்கள்.